கைபேசிக்குள் பிறந்த வாத்தியங்கள்

நோக்கியா 3310 போன் 2000ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தபோது அதில் ‘கம்போசர்’ என்றொரு வசதி இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த 3210இலும் அது உண்டு. 1 முதல் 7 வரையிலான எண் பொத்தான்கள் ஏழு ஸ்வரங்கள். 1ஐ ஷட்ஜமாக வைத்து வரிசையாக அழுத்திக்கொண்டே போனால் கிடைப்பது சங்கராபரணத்தின் ஆரோகணம். 8ஐ அழுத்தினால் ஸ்வரத்தின் காலம் குறையும், 9 அதைக் கூட்டும், 0 மௌன இடைவெளி. நட்சத்திரக் குறி ஸ்தாயியை மாற்றும். ஹாஷ் குறி ஸ்வரத்தை அரைப்படி உயர்த்தும். எண்ணைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அந்த ஸ்வரம் ஒன்றரை மடங்கு நீளும். ஒரு சமயத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும். அதன் சத்தத்தைக் கூட்டிக் குறைத்து பாவம் காட்ட வழியே கிடையாது. ஆனாலும் பிடித்த சினிமாப் பாட்டின் பல்லவியை எண்வரிசையாகத் தாளில் எழுதி நண்பர்களுக்குள் கைமாற்றிக்கொண்ட ஒரு தலைமுறை இருக்கிறது. பாடத் தெரியாத, வாத்தியம் தொடாத பலருக்கு ஒரு மெட்டை ஸ்வரம் ஸ்வரமாகப் பிரித்துப் பார்த்த முதல் அனுபவம் அதுதான்.

2003இல் வந்த சோனி எரிக்சன் டி610 போனில் ‘மியூசிக் டிஜே’ இருந்தது. அதன் திரையில் நான்கு தடங்கள். டிரம்ஸ், பேஸ் என்று தயாராக இருக்கும் துண்டுகளை அந்தத் தடங்களில் வரிசையாக அடுக்கினால் ஒரு பாட்டின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். இசைத் துண்டுகளை அடுக்கிப் பாட்டு கட்டும் இந்த முறைதான் பின்னாளில் கைபேசி இசைச் செயலிகள் பலவற்றின் அடிப்படையானது. பாம் கையடக்கக் கணினிகளில் இன்னும் தீவிரமான வேலை நடந்தது. ஒலிவியே ஜிலே எழுதிய ‘பாஜிஸ் லூப்ஸ்’ என்ற மென்பொருள், முகவரிப் புத்தகமும் நாட்குறிப்பும் வைத்துக்கொள்ளச் செய்யப்பட்ட சாதனத்தை ஒரு சின்ன ஸ்டூடியோவாக மாற்றிக் காட்டியது. ஜிலே பின்னர் மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற பெயரில் சிந்தசைசர் பாகங்கள் செய்து உலகப் புகழ் பெற்றார்.

2008 ஜூலை 10 அன்று ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தது. முதல் ஐபோனில் இருந்த நினைவகம் 128 மெகாபைட்; அதன் செயலி வேகம் 412 மெகாஹெர்ட்ஸ். கணக்குப் பார்த்தால் ஸ்டூடியோ மென்பொருள் ஓடக்கூடிய இடமே அல்ல. அதில் இருந்த வேறு சில விஷயங்கள்தான் இசைக்காரர்களை ஈர்த்தன: ஒரே நேரத்தில் பல விரல்களை உணரும் திரை, சாய்வை அறியும் உணரி, ஒரு மைக், எல்லாவற்றுக்கும் மேலாக, தொட்டவுடன் ஒலிக்கும் அளவுக்கு விரைவான ஒலி அமைப்பு.

இந்த நான்கையும் ஒருசேரப் பயன்படுத்திய செயலி ‘ஒக்கரினா’. அமெரிக்காவின் ஸ்மியூல் நிறுவனம் 2008 நவம்பரில் அதை வெளியிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணினி இசை கற்பிக்கும் கெ வாங் அதன் மூளை. ஒலியை உருவாக்கும் வேலையை அவரே வடிவமைத்த ‘சக்’ என்ற நிரல்மொழி பார்த்துக்கொண்டது. திரையில் நான்கு துளைகள் தெரியும். வாசிப்பவர் போனை வாய்க்கு நேராகப் பிடித்து அடிப்பக்க மைக்கில் ஊதவேண்டும். மூச்சின் இரைச்சலை மைக் அளக்கும். பலமாக ஊதினால் பலமான நாதம், மெதுவாக ஊதினால் மெல்லிய நாதம். எந்தெந்தத் துளைகளை மூடுகிறோம் என்பதைப் பொறுத்து ஸ்வரம் மாறும். நான்கு துளைகளில் 16 விதமான மூடல்கள் சாத்தியம் என்பதால் ஒரு ஸ்தாயிக்குத் தேவையான அத்தனையும் அதற்குள் அடங்கும். போனைக் கீழே சாய்த்தால் குரல் நடுங்குவதுபோல ஒலி அசையும்.

ஒக்கரினாவில் இன்னொரு பக்கமும் இருந்தது. அதைத் திறந்தால் உலக உருண்டை ஒன்று திரையில் சுழலும். எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் ஊதிய மெட்டு அந்த இடத்திலிருந்து ஒளிக்கீற்றாய் எழும்பிக் காதில் விழும். பெயர் தெரியாத அந்த மனிதர் தடுமாறி வாசிப்பதும், நிறுத்தி மறுபடி தொடங்குவதும் அப்படியே கேட்கும். வாத்தியம் என்றால் என்ன என்று புதிதாக யோசித்தவர்கள் செய்த வேலை அது. கணினியில் இருந்த ஒன்றைச் சுருக்கிப் போனில் திணிக்காமல், போன் என்ற பொருளையே ஊதுகருவியாகப் பார்த்தார்கள்.

அதே 2008 அக்டோபரில் பிரையன் ஈனோவும் பீட்டர் சில்வர்ஸும் வெளியிட்ட ‘ப்ளூம்’ வேறொரு திசையில் போனது. திரையில் எங்கே தொட்டாலும் ஒரு நாதம் எழும்பும். தொட்ட இடத்தில் வண்ண வட்டம் விரியும். அந்த நாதம் ஒரு சுற்றில் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மங்கி, கரைந்து போகும். சும்மா விட்டால் தானே வாசிக்கத் தொடங்கிவிடும். கேட்பவர், வாசிப்பவர் என்ற பிரிவினையை இத்தனை எளிமையாக அழித்த செயலி அதற்குப் பின்னும் அதிகம் வரவில்லை. பத்தாண்டு நிறைவில், 2018இல், அதன் விரிவான வடிவம் ‘ப்ளூம்: 10 வேர்ல்ட்ஸ்’ என்ற பெயரில் வந்தது.

‘பீபாட்’ என்ற செயலியில் திரைக்குள் ஒரு குட்டி ரோபோ வாய் திறந்து பாடும். விளையாட்டுச் சாமான்போலத் தெரிந்தாலும் ட்ரீம் தியேட்டர் குழுவின் கீபோர்டு கலைஞர் ஜோர்டன் ரூடஸ் அதை மேடையில் வாசித்தார். விரலை இழுத்தால் சுருதி இடைவெளியின்றி வழுக்கிச் செல்வது அதன் சிறப்பு. ‘ஆர்ஜேடிஜே’ என்ற செயலி சுற்றுப்புற ஓசையை மைக் வழியே வாங்கி, அந்தக் கணமே இசையாக உருமாற்றிக் காதுக்குத் திருப்பித் தந்தது. பேருந்தில் போனால் பேருந்தே வாத்தியம்.

ஐபேட் 2010 ஏப்ரலில் வந்தது. அதன் 9.7 அங்குலத் திரை இசைக்கருவி நிறுவனங்களைக் களத்தில் இறக்கியது. ஜப்பானின் கோர்க் நிறுவனம் ஐபேட் வெளிவந்த சமயத்திலேயே ‘ஐஎலெக்ட்ரைப்’ என்ற டிரம் மெஷின் செயலியைத் தயாராக வைத்திருந்தது. நவம்பரில் ‘ஐஎம்எஸ்-20’ வந்தது. 1978இல் கோர்க் செய்த எம்எஸ்-20 என்ற சிந்தசைசரின் மறுபிறவி அது. அசல் கருவியின் வலப்புறம் ஒரு செருகுப் பலகை இருக்கும். ஒலி எந்தப் பாகத்திலிருந்து எந்தப் பாகத்துக்குப் போகவேண்டும் என்பதைக் கேபிள் செருகித் தீர்மானிக்க வேண்டும். ஐபேடில் அந்தக் கேபிள்களை விரலால் இழுத்துச் செருகலாம். இழுக்கும்போது அவை தொங்கி ஆடும். திருகுகள் சிறியவை என்பதால் இரு விரலால் விரித்துப் பெரிதாக்கித்தான் திருப்பவேண்டும். கையால் தொட்டு உணரக்கூடிய திருகுக்கு இது ஈடாகாது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அதில் நியாயமும் இருந்தது. ஆனால் ஆராய்ச்சிக்கூடக் கருவி போன்ற அந்தச் செருகுப் பலகையைப் பயமின்றிக் குடைந்து பார்க்கும் வாய்ப்பு, பழைய எம்எஸ்-20 வாங்க வசதியில்லாத ஆயிரக்கணக்கானோருக்கு அன்று கிடைத்தது.

மூக் நிறுவனம் 2011 அக்டோபரில் ‘அனிமூக்’கை வெளியிட்டது. எந்தப் பழைய மூக் கருவியின் நகலும் அல்ல அது. தொடுதிரைக்கென்றே யோசித்த வாத்தியம். அதில் திரையின் நடுவே உள்ள கட்டத்தில் ஒரு புள்ளி சுற்றி வரும். புள்ளி போகும் பாதைக்கேற்ப ஒலியின் நிறம் மாறும். கட்டைமேல் வைத்த விரலை மேலும் கீழும் நகர்த்தி ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே வளைக்கலாம். அறிமுக விலை 99 சென்ட். ஒரு கோப்பை காபியைவிட மலிவான அந்த விலைக்குள் பின்னாளைய சிக்கல் ஒன்று ஒளிந்திருந்தது.

இந்தக் கருவிகளை வைத்து முழு ஆல்பமே செய்யலாம் என்று காட்டியவர் கொரில்லாஸ் குழுவின் டேமன் அல்பார்ன். 2010 இலையுதிர் காலத்தில் வட அமெரிக்காவில் கச்சேரிப் பயணம் போனபோது ஓட்டல் அறைகளிலும் பயண வழியிலும் அவர் பெரும்பாலும் ஐபேடிலேயே பதிவு செய்த பாடல்கள், ‘தி ஃபால்’ என்ற பெயரில் அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் அன்று வெளிவந்தன. ஐஎலெக்ட்ரைப், ஃபங்க்பாக்ஸ், மூக் ஃபில்டாட்ரான் போன்ற செயலிகளின் பெயர்களை வெளிப்படையாகச் சொல்லி வெளியான ஆல்பம் அது. மாபெரும் படைப்பு என்று சொல்ல முடியாது. கேட்டால் அவசரமும் ஊர்சுற்றும் களைப்பும் தெரியும். ஆனால் அந்த ஆண்டின் ஐபேடுக்கு எப்படிப்பட்ட குரல் இருந்தது என்று அறிய அதைவிட நல்ல சான்று இல்லை.

ஆப்பிளின் ‘கராஜ்பேண்ட்’ 2011 மார்ச்சில் ஐபேட் 2 உடன் வந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் ஐபோனுக்கும் பரவியது. ஸ்டீவ் லேசி என்ற இளைஞர் ஐபோனில் கிட்டாரைச் செருகி, கராஜ்பேண்டிலேயே டிரம்ஸ், பேஸ், குரல் எல்லாம் பதிவு செய்து வளர்ந்தவர். கென்ட்ரிக் லாமரின் 2017ஆம் ஆண்டு ஆல்பமான ‘டாம்’இல் ‘பிரைட்’ என்ற பாடலின் இசை அவருடைய போனிலிருந்துதான் பிறந்தது.

ஆண்ட்ராய்டு பயனர்களுக்கு இந்தக் காலம் அத்தனை இனிமையாக இல்லை. காரணம் தாமதம். எந்தக் கணினிக் கருவியும் ஒலியைத் துளித் துளியாகக் கணக்கிட்டு, சிறு சிறு தொகுப்புகளாக ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஒரு விநாடிக்கு 44,100 துளிகள். 256 துளிகள் கொண்ட தொகுப்பு என்றால் ஆறு மில்லிவிநாடிக்கும் குறைவான காத்திருப்பு. காது அதைப் பொருட்படுத்தாது. ஐபோனில் இத்தகைய சிறு தொகுப்புகள் சாத்தியமாயின. அன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் விரல் பட்டதற்கும் ஒலி வருவதற்கும் இடையே 100 மில்லிவிநாடிக்கு மேல் ஆனது. நிமிடத்துக்கு 120 துடிப்பு ஓடும் பாட்டில் ஒரு துடிப்பு 500 மில்லிவிநாடி. அதில் கால் பங்கு 125. அதாவது கையில் ‘தக’ என்று தட்டினால் காதில் ஏறக்குறைய ஓர் எழுத்து தள்ளிக் கேட்கும். தாளம் பழகிய எவருக்கும் அது தாங்காது. கூகுள் 2017இல் ஆண்ட்ராய்டு 8உடன் ‘ஏஆடியோ’ என்ற புதிய ஒலிப்பாதையைக் கொண்டுவந்த பிறகே நிலைமை வெகுவாகச் சீரடைந்தது.

அந்தக் குறைக்கு நடுவிலும் ஆண்ட்ராய்டில் வேர்விட்ட செயலி ‘காஸ்டிக்’. சிந்தசைசர்களும் டிரம் மெஷின்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய அலமாரிபோல அது தோன்றும். மூன்றாம் பதிப்பில் 14 கருவிகள்வரை அடுக்கலாம். அதில் பெரும்பாலான வேலை ஸ்வரங்களைக் கட்டத்தில் குறித்து வைப்பது. நேரடியாக வாசிக்காமல் எழுதி வைத்து ஓடவிடும்போது தாமதம் ஒரு பொருட்டே அல்ல. எல்லா வரிகளும் ஒரே அளவு தாமதித்து ஒன்றாகவே வரும் என்பதால் தாளம் பிசகாது. சாதனத்தின் பலவீனத்தைப் புரிந்துகொண்டு அதைச் சுற்றி வழி கண்ட புத்திசாலித்தனம் பழைய செயலிகளைத் திரும்பிப் பார்ப்பவர்களை இன்றும் வியக்க வைக்கிறது.

ஆரம்பக் காலத்து ஐபோன் செயலிகளின் பெரிய குறை தனிமை. ஒரு செயலி ஓடும்போது இன்னொன்று ஓடாது. ஒன்றில் செய்த துண்டை நகலெடுத்து மற்றொன்றில் ஒட்டுவதற்கு ‘ஆடியோகாப்பி’ போன்ற ஏற்பாடுகள் வந்தன. 2010இல் ஐஓஎஸ் 4 பின்னணியில் ஒலிக்க அனுமதித்தது. அதே ஆண்டு 4.2 பதிப்பு மிடி கீபோர்டுகளை இணைக்க வழி திறந்தது. 2012 டிசம்பரில் வந்த ‘ஆடியோபஸ்’தான் உண்மையான திருப்பம். ஒரு பக்கம் வாத்தியம், நடுவில் எஃபெக்ட், மறுபக்கம் பதிவுக் கருவி என்று மூன்று செயலிகளைக் கேபிள் இல்லாமல் அது இணைத்தது. இயங்குதளத்தைச் செய்த ஆப்பிள் தராத ஒன்றை இரண்டு சிறு நிறுவனங்கள் சேர்ந்து செய்து, மற்றவர்களை ஒவ்வொருவராகச் சம்மதிக்க வைத்தன. அடுத்த ஆண்டே ஐஓஎஸ் 7இல் ஆப்பிள் தன் சொந்த இணைப்பு முறையைக் கொண்டுவந்தது. 2015இல் ஐஓஎஸ் 9 வந்தபோது ஒரு செயலிக்குள்ளேயே இன்னொரு செயலியின் வாத்தியத்தைத் திறக்கும் ஏயூவி3 முறை அறிமுகமானது. இன்று ஐபேடில் இசையமைப்பவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் இந்த முறைதான். அதற்கு மாறாத பழைய செயலிகள் ஒலியில் எவ்வளவு சிறந்தவையாக இருந்தாலும் கூட்டத்தில் சேராமல் தனித்து நிற்கின்றன.

தமிழ் இசை வீடுகளுக்குள் கைபேசி முதலில் நுழைந்தது சுருதிப் பெட்டியாகத்தான். தம்புராச் செயலியும் தாளச் செயலியும் பாட்டு வகுப்புகளில் மின்சுருதிப் பெட்டியின் இடத்தைச் சிறுகச் சிறுகப் பிடித்துக்கொண்டன. வாசிப்பதற்கான வாத்தியமாகப் போன் மாறுவதற்குத் தடையாக இருந்தது பியானோக் கட்டை. கட்டைகளுக்கு இடைப்பட்ட இடத்தில்தான் கமகம் வாழ்கிறது. அங்கே கட்டை வாத்தியம் ஊமை. கட்டை இல்லாத பழைய செயலிகள் இங்கே கைகொடுத்தன. பீபாட், பல நூறு ஸ்கேல்கள் கொண்ட ‘தம்ப்ஜாம்’, ரூடஸ் 2010இல் வெளியிட்ட ‘மார்ஃப்விஸ்’ ஆகியவற்றில் விரல் போகும் வழியெல்லாம் சுருதி போகும். இந்த வழியில் வந்த ‘ஜியோஷ்ரெட்’ 2015இல் வெளிவந்தபோது கர்நாடக இசைக்கு ஒரு நல்ல கருவி கிடைத்தது. மகேஷ் ராகவன் அதை வைத்து ஐபேடில் கர்நாடக இசை வாசித்துப் பெயர் பெற்றார். காந்தாரத்தை அசைக்க விரலைத் திரையில் அசைத்தால் போதும். வீணையில் தந்தியை இழுப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம், பியானோவுக்கும் வீணைக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு.

2017 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 11 இந்த உலகத்தின் பெரும்பகுதியை ஒரே நாளில் மூடியது. 2013இல் ஐபோன் 5எஸ் வரும்வரை ஐபோன்கள் 32 பிட் முறையில் இயங்கின. அந்தக் காலத்துச் செயலிகளும் அப்படியே எழுதப்பட்டவை. 64 பிட் சாதனங்கள் வந்த பிறகும் சில ஆண்டுகள் ஆப்பிள் இரண்டையும் ஓடவிட்டது. புதிய செயலிகள் 64 பிட்டில் இருந்தாக வேண்டும் என்ற விதி 2015இல் வந்தது. ஐஓஎஸ் 11 பழைய வகையை முற்றிலும் கைவிட்டது. போனைப் புதுப்பித்தவர்கள் ஐகானைத் தொட்டபோது, செயலியைச் செய்தவர் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்ற அறிவிப்பு மட்டுமே வந்தது. செய்தவரோ பல சமயம் தொழிலையே விட்டுப் போயிருந்தார்.

ஏன் விட்டுப் போனார் என்ற கேள்விக்கு விடை அந்த 99 சென்ட் விலையில் இருக்கிறது. மரத்தில் செய்த வாத்தியத்தை விற்ற ஆசாரிக்கு ஆண்டுதோறும் அதைத் திரும்பிப் பார்க்கும் கடமை இல்லை. செயலி செய்தவருக்கு உண்டு. ஆண்டுக்கு ஒரு புதிய இயங்குதளம், புதிய திரை அளவு, புதிய விதி. ஒருமுறை வாங்கியவர் மறுபடி பணம் தருவதில்லை; புதிதாக வாங்குவோர் குறையக் குறைய, புதுப்பிக்கும் செலவு மட்டும் தொடர்ந்து நிற்கும். ஒருவரோ இருவரோ சேர்ந்து நடத்திய நிறுவனங்கள் இதில் சோர்ந்துபோனது இயல்பு. கோர்க் போன்ற பெரிய நிறுவனத்தால் ஐஎம்எஸ்-20ஐயும் ஐஎலெக்ட்ரைப்பையும் 64 பிட்டுக்கு மாற்றிக் காப்பாற்ற முடிந்தது. மூக் 2021இல் ‘அனிமூக் இசட்’ என்ற புதிய செயலியையே கொண்டுவந்தது.

சட்டத்தால் மறைந்தவையும் உண்டு. சுவீடனின் புரொப்பெல்லர்ஹெட் நிறுவனத்தின் ‘ரீபர்த்’, 1990களில் கணினியில் புகழ்பெற்ற மென்பொருள். ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 பேஸ் கருவி, டிஆர்-808, டிஆர்-909 டிரம் மெஷின்கள் ஆகியவற்றின் ஒலியைப் பிரதியெடுத்தது அது. 2010இல் அது ஐபோனுக்கும் பின்னர் ஐபேடுக்கும் வந்தது. தன் அறிவுச் சொத்துரிமை மீறப்படுவதாக ரோலண்ட் தெரிவித்ததை அடுத்து 2017இல் ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டது. அதே நிறுவனத்தின் ‘ஃபிகர்’, பேஸ், டிரம்ஸ், மெலடி என்று மூன்றை மட்டும் வைத்து, கட்டைவிரலாலேயே ஒரு நிமிடத்தில் பாட்டு கட்டவைத்த அழகான செயலி. அதில் செய்த பாட்டுகளைப் பகிரும் ‘அல்லிஹூப்பா’ தளம் 2019இல் மூடப்பட்டது. செயலி உயிரோடிருந்தும் அதைச் சுற்றியிருந்த ஊர் காலியானது. உருண்டையில் ஒளிக்கீற்று எழும்பும் ஒக்கரினா போன்றவற்றுக்கும் இதே ஆபத்து: தொலைவில் ஒரு சர்வர் ஓடும்வரைதான் அந்தப் பக்கம் உயிரோடிருக்கும்.

ஆண்ட்ராய்டிலும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. 2022இல் வந்த பிக்சல் 7 போன் 32 பிட் செயலிகளை ஏற்கவில்லை. 2023இன் ஆண்ட்ராய்டு 14, 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6க்கும் முந்தைய பதிப்புகளை இலக்காகக் கொண்டு எழுதிய செயலிகளை நிறுவவே மறுக்கிறது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு இது, காரணம் சரியானதுதான். ஆனால் தீங்கிழைக்கும் பழைய மென்பொருளையும் யாருக்கும் கெடுதல் செய்யாத ஒரு பழைய டிரம் மெஷினையும் அந்த விதி பிரித்துப் பார்ப்பதில்லை.

இந்தப் புயல்கள் எல்லாவற்றையும் தாண்டி நிற்பது ‘சன்வாக்ஸ்’. ரஷ்யாவின் அலெக்சாண்டர் சோலோடோவ் 2008இல் வெளியிட்டது. பாம், விண்டோஸ் சிஇ தொடங்கி ஆண்ட்ராய்டு, ஐபோன், லினக்ஸ்வரை ஓடிய மென்பொருள். அதன் தோற்றம் எந்தக் காலத்து நாகரிகத்தையும் பின்பற்றுவதில்லை: கறுப்புத் திரை, சதுரப் பெட்டிகள், மேலிருந்து கீழாக ஓடும் ஸ்வர வரிகள். பொத்தானிலிருந்து எழுத்துவரை எல்லாவற்றையும் அதுவே வரைந்துகொள்கிறது. இயங்குதளத்திடம் அது கேட்பது மிகக் குறைவு. அதனால் தளம் மாறினாலும் அதற்குப் பெரிய பாதிப்பில்லை. நீண்ட ஆயுளை விரும்பும் எந்த மென்பொருளுக்கும் இதைவிட நல்ல முன்மாதிரி கிடைப்பது கடினம்.

மறைந்த செயலிகளை வாசிக்க விரும்புகிறவர்களுக்கு வழி, அவை ஓடிய பழைய சாதனமே. 32 பிட் செயலிகளுக்கு ஐஓஎஸ் 10தான் கடைசி எல்லை. ஐபோன் 5, நான்காம் தலைமுறை ஐபேட் ஆகியவை 10.3 பதிப்போடு நின்றுவிட்டவை. ஐபேட் 2, 9.3இலும் முதல் ஐபேட் 5.1இலும் நின்றன. அலமாரியில் தூங்கும் அப்படியொரு சாதனம் இருந்தால் அது ஒரு பழைய சிந்தசைசருக்குச் சமம். அதை அழித்துப் புதிதாக அமைப்பது ஆபத்தானது. ஏற்கெனவே உள்ள செயலிகளை நீக்கினால் அவை ஸ்டோரில் இல்லாதபோது திரும்பக் கிடைக்காது. ஸ்டோரில் இன்னும் இருப்பவற்றை, முன்பு வாங்கிய கணக்கில் நுழைந்தால், அந்தச் சாதனத்துக்கு ஏற்ற கடைசிப் பதிப்பாக இறக்கிக்கொள்ளும் வாய்ப்பை ஆப்பிள் தருகிறது. கணினியில் பழைய ஐடியூன்ஸ் வைத்திருந்தவர்களின் வன்தட்டில் செயலிக் கோப்புகள் சேமிக்கப்பட்டிருக்கலாம். 2017இன் ஐடியூன்ஸ் 12.7 அந்த வசதியை நீக்கும்வரை அவை அங்கேதான் குவிந்தன.

பழைய ஐபேடில் ஒரு நன்மை, 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளை. அதிலிருந்து நேராக மிக்சருக்கோ ஆம்ப்ளிஃபயருக்கோ கேபிள் போடலாம். புளூடூத் ஸ்பீக்கர் பாட்டுக் கேட்க மட்டும். வாசிக்கும்போது அது சேர்க்கும் தாமதம் தாளத்தைக் கெடுக்கும். மிடி கீபோர்டு இணைக்க ஆப்பிளின் கேமரா இணைப்புத் துண்டு தேவை. ஐஓஎஸ் 4.2 முதல் ஐபேட் அந்த வழியே தரும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், கீபோர்டுக்கு இடையில் தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் வைக்க வேண்டியிருக்கும். வைஃபையை அணைத்துவிட்டால் அழைப்பும் அறிவிப்பும் வராது. இணையத்தோடு தொடர்பே இல்லாத சாதனத்தில் பழைய மென்பொருளின் பாதுகாப்புக் குறைகளும் பெரிய பிரச்சினையாகாது. இப்படி ஒரே வேலைக்கென்று ஒதுக்கிய ஐபேடில் ஐஎம்எஸ்-20ஐத் திறந்து வைத்தால் கவனம் சிதறாமல் ஒரு மாலை முழுவதும் ஓர் ஒலியைக் குடைந்துகொண்டிருக்கலாம். பழைய செயலிகளுக்குத் திரும்புகிறவர்கள் தேடுவது பெரும்பாலும் இதைத்தான். நூறு டிராக்கும் ஆயிரம் பிரீசெட்டும் தரும் இன்றைய மென்பொருள்களில் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. நான்கு துளை கொண்ட ஒக்கரினாவில் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை, ஊதவேண்டியதுதான்.

பேட்டரியில் கவனம் வேண்டும். லித்தியம் பேட்டரி முழுக்கக் காலியாகிப் பல மாதம் கிடந்தால் மறுபடி உயிர் பெறாமலே போகலாம். பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வைத்து, அவ்வப்போது சார்ஜ் ஏற்றுவது நல்லது. திரை மேலெழும்பியோ பின்பக்கம் உப்பியோ தெரிந்தால் உடனே நிறுத்தி, பழுது பார்ப்பவரிடம் பேட்டரியை மாற்ற வேண்டும். அழுத்திச் சரிசெய்யப் பார்ப்பது தீப்பிடிக்க வழி.

செயலியைவிட அவசரமாகக் காப்பாற்ற வேண்டியது அதற்குள் இருக்கும் பாட்டு. ஒவ்வொரு செயலியும் தன் பாட்டுகளைத் தனக்கே உரிய கோப்பு முறையில் வைத்திருக்கும். செயலி போனால் அந்தக் கோப்பைத் திறக்க ஆளில்லை. முழுப் பாட்டை வேவ் கோப்பாக எடுப்பதோடு, ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியே ஒலிக்கவிட்டு வேறு வேறு வேவ் கோப்பாகவும் எடுத்துவைத்தால் பின்னாளில் மறுபடி கலக்க முடியும். செயலி அனுமதித்தால் ஸ்வரங்களை மிடி கோப்பாகவும் சேமிக்கலாம். 1983இல் பிறந்த மிடி முறை இன்றைய எல்லா இசை மென்பொருளுக்கும் புரியும். எந்த ஏற்றுமதி வசதியும் இல்லாத மிகப் பழைய செயலி என்றால், ஹெட்போன் துளையிலிருந்து கேபிள் போட்டுக் கணினியில் நேரடியாகப் பதிவு செய்வது ஒன்றே வழி. பாட்டின் வேகம், சுருதி, பயன்படுத்திய ஒலிகளின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துப் பதிவோடு சேர்த்து வைத்தால், அந்தப் பாட்டை வேறொரு கருவியில் மறுபடி கட்ட நினைப்பவருக்கு அது உதவும்.